அரியலூர்க் கடையில் கேட்ட பிளேட்

வரதராஜன்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

என் தங்கமே,

எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

ரங்கூனில் குண்டு விழுந்தபோது நாடகக் கம்பெனியோடு நீயும் செத்துப்போய்விட்டாய் என்று உன் அப்பாதான் வந்து சொன்னார். நீ மேடையேறிய நாளிலிருந்து உன் பேரையே எடுக்காதவர், அன்றுதான் எடுத்தார். கல்லறைத் தோட்டத்தில் வெறும் மண்ணில் ஒரு சிலுவை நட்டோம். வருஷா வருஷம் உனக்கு ஆத்தும பூசை வைத்தேன்.

நேற்று உன் அப்பாவோடு அரியலூர் கடைத்தெருவில் போகும்போது, கிராமபோன் கடையில் உன் குரல்! உன் பழைய பிளேட்டா என்று உள்ளே ஓடிப்போய்க் கேட்டேன்.

"பழசு இல்லீங்கம்மா, போன மாசம் வந்தது. ரொம்ப வருஷமா பாடாம இருந்துட்டு இப்பத்தான் திரும்பப் பாடியிருக்காங்க" என்றார் கடைக்காரர்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாட்டு முடிந்ததும் பழைய பிளேட்டுகளில் சொல்வதுபோலவே உன் பேரைச் சொன்னாய். அதோடு விட்டாயா? "மரித்துப்போன என் தாயாருக்கு இந்தப் பாட்டு காணிக்கை" என்றும் சொன்னாய்.

நான் செத்துப்போனதாக உனக்கு எழுதியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. என் முகத்தைப் பார்த்துக் கடையே பதறியது. உன் அப்பா பதறவில்லை. "வெயில் ஏறுது, வா போவலாம்" என்றார்.

பிளேட் கம்பெனி விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். உடனே புறப்பட்டு வா. அந்தச் சிலுவையை உன் கையாலேயே பிடுங்கிப் போடு. பங்குச் சாமியார் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உயிரோடிருக்கும்
உன் அம்மா