ஓரத்தில் அக்கா

பிப்ரவரி 3
கல்லூரி நூலக மாடியில் தாவரவியல் அடுக்குகளுக்கு நாடா ஒட்டும் வேலை. ஒரே புத்தகம் இரண்டு பிரதி இருந்தால் சுத்தமானதற்குப் பச்சை, அது ஸ்கேன் அறைக்கு. கிறுக்கல் உள்ளதற்குச் சிவப்பு, அது பழைய காகித லாரிக்கு. இனி மாணவர்கள் எல்லாவற்றையும் திரையில்தான் படிப்பார்களாம்.

கொடிகளைப் பற்றிய தடிப் புத்தகத்தைத் திறந்தேன். ஓரமெல்லாம் அக்காவின் பென்சில். இங்கே பாடம் எடுத்த காலத்தில் நூலாசிரியரோடு சண்டை பிடித்து எழுதியது. "லைப்ரரி புக்ல கிறுக்காதேக்கா"ன்னா, "அந்தாள் புளுகுவான், நான் வாயை மூடிட்டு இருக்கணுமா?"ன்னுவா.

சிவப்பு ஒட்டினேன். வேறு என்ன செய்ய?

பிப்ரவரி 4
மதியம் சாப்பிடாமல் போய் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கொடி வருடத்தில் ஒருமுறைதான் பூக்கும் என்கிறார் ஆசிரியர். பக்கத்தில் அக்கா: 'சுத்தப் பொய்! எங்கள் வீட்டில் இரண்டு முறை பூத்தது. அப்பாவிடம் கேட்க வேண்டும்.'

அப்பா போய் இரண்டு வருஷம். அக்கா வெளிநாட்டில் இருந்தாள், சாவுக்கு வரவில்லை. டிக்கெட் கிடைக்கலைன்னா. "செடிக்குக் குடுத்த நேரத்துல பாதி அப்பாவுக்குக் குடுத்திருக்கலாம்"னு போன்ல கத்தினேன். வச்சுட்டா. அதோடு பேச்சில்லை.

இப்போ அவள் குரல்னு எனக்கு மிச்சம் இருக்கிறது இந்த ஓரம்தான்.

பிப்ரவரி 6
சொல்லாமல் கொள்ளாமல் லாரி வந்துவிட்டது. சிவப்பு நாடாவைப் பிய்த்துப் பச்சையை ஒட்டினேன். லாரி ஆட்கள் தொடமாட்டார்கள் அல்லவா? மூச்சிரைக்கத் தலைமை நூலகரிடம் ஓடினேன். "இந்த ஒண்ணை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கட்டுமா சார்?"

"முத்திரை போட்டது வெளியே போகக்கூடாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

திரும்பி வந்தால் புத்தகம் இல்லை. பச்சையைப் பார்த்து ஸ்கேன் அறைப் பெண் தள்ளுவண்டியில் கொண்டுபோயிருக்கிறாள். நான் போவதற்குள் ஸ்கேன் பண்ணத் தோதாக முதுகை வெட்டி, தாள் தாளாக உதிர்த்துவிட்டாள். ஸ்கேன் முடிந்தால் அந்தத் தாள்களும் குப்பைக்குத்தான். "பச்சை இருந்துச்சே மேடம்"ன்னா, பாவம். அட மக்கே, காப்பாத்தப் போய் நானே கத்திக்குக் குடுத்துட்டேனே!

பிப்ரவரி 7
லீவு போட்டேன். தலைவலி என்று சொன்னேன்.

பிப்ரவரி 20
ஒரு பேராசிரியரிடமிருந்து புகார்: திரையில் வந்த கொடிப் புத்தகத்தில் யாரோ ஆசிரியரைத் திட்டி எழுதியிருக்கிறார்களாம். தலைமை நூலகர் கூப்பிட்டார். வசமாக மாட்டினேன் என்றுதான் போனேன்.

"சுத்தமான பிரதியைத் திரும்ப ஸ்கேன் பண்ணுங்க."

தேடினோம். ஒன்று முடிந்துவிட்டதே என்று ஸ்கேன் அறை அந்தச் சுத்தப் பிரதியை லாரிக்கு அனுப்பிவிட்டது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, இருந்து தொலையட்டும்" என்றார்.

என் மேஜைக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தேன். பென்சில் அழுத்திய பள்ளம் விரலுக்குப் படவில்லை, வெறும் கண்ணாடிதான். ஆனாலும் அவள் கையெழுத்து. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போகும்வரை அடக்கி வைத்திருந்தேன், பிறகு அழுதேன்.

பிப்ரவரி 21
இரண்டு முறை பூத்தது என்று அவள் எழுதிய பக்கத்தின் இணைப்பை அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுத வரவில்லை. அனுப்பினதும், ஏன்டா அனுப்பினோம்னு இருக்கு.

பிப்ரவரி 22
பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

பிப்ரவரி 25
காலையில் டீ போடும்போது போன். அக்கா.

"ஏன்டி, என் கிறுக்கலை உலகம் பூரா படிக்கவா விட்டிருக்க?"

அடுப்பைக் குறைக்கப் போனேன். அவளே பேசினாள். "அப்பாகிட்ட அதைக் கேட்கவே இல்லடி. ஊருக்கு வந்து நேர்ல கேட்டுக்கலாம்னு வச்சிருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள்.

"இரண்டு தடவை பூத்துச்சுக்கா," என்றேன். "நீ போனப்புறமும் பூத்துச்சு. அப்பா உனக்குச் சொல்லணும்னு சொல்லிட்டே இருந்தார்."

டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.