போகியில் போன டயர்கள்

13 ஜனவரி 2006, போகி. இரவு.

அப்பா ஓட்டிய பழைய காரில் உப்புக்காற்று தின்ற தகரத்தையெல்லாம் மாற்றியாயிற்று. டயர் மட்டும் அந்தக் காலத்து ஒல்லி டயராகவே வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். எங்கெங்கோ அலைந்து, போன வாரம்தான் கூனிமேட்டில் ஒரு பாயிடம் நான்கும் கிடைத்தன. பொங்கலன்று மாட்டலாமென்று வாசலோரம் அடுக்கியிருந்தேன்.

இன்று விடியற்காலையில் ரப்பர் கருகும் நாற்றம். எழுந்து ஓடினேன். கடைசி டயரை அப்பாவே நெருப்புக்குள் உருட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"பழசையெல்லாம் கொளுத்தணும்டா. நாளைக்குத் தை பொறக்குதுல்ல."

கொஞ்ச நாளாகவே அவருக்கு மறதி. திட்ட வாய் வரவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். குளிர் காய்ந்துகொண்டே கேட்டார்:

"கூனிமேட்டு பாய் டயர் தரேன்னாரே, எப்படா போறோம்?"

"பொங்கல் கழிச்சி போலாம்ப்பா" என்றேன்.