பதினோரு விநாடி

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நாடுகள் கூடும் சபைக்கு மேலே ஒரு கண்ணாடி அறை. அதுதான் என் இடம். அங்கிருந்து பார்த்தால் கீழே எல்லாரும் மீன்தொட்டிக்குள் இருப்பவர்கள் போல வாயசைப்பார்கள். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிய பிறகுதான், பேசுவது மனித உரிமை என்று புரியும். ஒன்பதாம் தேதி நம் நாட்டின் முறை. நம் பிரதிநிதி சபையின் மொழியில் பேசுவார். நம்மூர் ரேடியோவுக்கு அதை நம் மொழியில் சொல்லப்போவது உன் தம்பி. அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், தொழில் விதி. சிரிக்காமல் கேள்.

சின்னக்குட்டியைப் பற்றி ஏதும் தெரிந்ததா?

உன் தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

உன் குரல் வந்தபோது இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆவிக்குள் நீயே நிற்பது போல இருந்தது. ஏழு வருஷம் கழித்து வந்திருக்கிறான் என்று, பைத்தியம் மாதிரி, டீக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாக வைத்துவிட்டேன். அப்போதுதான் நீ சொன்னாய், காரணமில்லாமல் பிடித்துவைக்கப்பட்டவர் என் நாட்டில் ஒருவர்கூட இல்லை என்று.

என் மகள் சின்னக்குட்டியை ஆஸ்பத்திரி வார்டிலிருந்து நர்ஸ் உடுப்போடு போலீஸ் கூட்டிப்போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அவளுடைய மாற்று உடுப்பை ஞாயிறுதோறும் தேய்த்து மடித்து வைக்கிறேன். உன் தொழில் விதி என்று தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை.

உரிமைகளை எழுதி எல்லா நாடும் கையெழுத்துப் போட்டிருக்கிறதாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அவளைப் பற்றி அங்கே யாரிடமாவது கேள். முடியாது என்றால் எனக்கு எழுதாதே.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

எங்கள் வேலையில் இருப்பவர்கள் யாரிடமும் சீட்டுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். வேறு நாட்டு உறுப்பினர் அம்மா ஒருவர் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இன்று சபையில் குட்டியின் முழுப் பெயரைச் சொல்லி, எங்கே என்று கேட்டார். அந்தப் பெயரை நான்தான் மைக்கில் சொன்னேன். சந்தோஷமாக இருந்தது.

நம் பிரதிநிதி எழுந்தார். லிஃப்டில் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொள்ளும் மனிதர். அப்படி ஒரு நர்ஸ் என் நாட்டில் இருந்ததே இல்லை என்றார், நிதானமாக.

அவளை நர்ஸிங் பள்ளியில் சேர்க்க வரிசையில் நின்றவன் நான். வாய் வரவில்லை. மைக் திறந்தபடியே இருந்தது, பதினோரு விநாடி. பிறகு பக்கத்து நாற்காலி மொழிபெயர்ப்பாளர் என்னை விலக்கிவிட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். மாலையில் என் வேலை போய்விட்டது.

எப்படியும் அந்தப் பொய் ரேடியோவில் வந்துவிட்டது. நான் வாய் மூடி என்ன பயன்? ஊருக்கு வரட்டுமா?

தம்பி

மே 4

என் தம்பிக்கு,

தபாலில் போடாமல், வெளிநாடு போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அன்று ரேடியோ நின்றதும் பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியைத் தட்டினார். "பேட்டரி போயிருச்சு போல."

"இல்லண்ணே. அது என் தம்பி."

நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. சின்ன வயதில் அழுகையை அடக்கும்போது அப்படித்தான் விடுவாய். பொய் வந்தது வேறு யாரோ ஒருவர் குரலில். என் வீட்டுக்குள் அதை நீ சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

மறுநாள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ரேடியோவில் வந்த பெயர் யாருடையது என்றார்கள். "இல்லாத பொண்ணுக்கு எதுக்குங்க விசாரணை?" என்றேன். உன் முகவரியைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

குட்டி இன்னும் வரவில்லை. உன்னை வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வராதே, தம்பி. உன் பழைய நீலச் சட்டையைத் தேடி எடுத்தேன். இந்த ஞாயிறு அவள் உடுப்போடு அதையும் தேய்த்து மடித்து வைத்தேன்.

அக்கா