நங்கையாவின் முகம் வரைந்த துணி

அன்புள்ள நங்கையா,

இன்று காலை விடுதி அறையில் ஒரு துணிச்சுருளைப் பிரித்தேன். அண்ணன் பார்சலில் அனுப்பியிருந்த, சாயம் ஏற்றாத பனியன் துணி. பிரித்ததும் அந்தப் புதுப் பருத்தி வாசனை அறையெல்லாம் பரவிவிட்டது. அறைத்தோழி மூக்கைச் சுளித்து, “என்ன வாசனை இது?” என்றாள். “எங்க ஊட்டு வாசனை” என்றேன். சொன்ன பிறகு வேறு வேலை ஓடவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஓவியக் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு நான் நல்லூருக்குத் திரும்பியபோது, அண்ணனின் பனியன் கம்பெனியில், அண்ணன் மனைவியான உங்கள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். செக்கிங் டேபிளில் துணி பார்ப்பதும் நீங்கள்தான், ஆர்டர் கொடுக்கும் பையரோடு போன் பேசுவதும் நீங்கள்தான். எனக்குக் கொடுத்த வேலை, குழந்தைகள் டி-ஷர்ட்டுக்குப் படம் போடுவது. கரடி, பலூன் பிடித்த கரடி, கண்ணாடி போட்ட கரடி. ஒரு நாள் என் கம்ப்யூட்டர் பக்கம் வந்து நின்றீர்கள்.

“இந்தக் கரடியையே எத்தனை நாளைக்கு வரையப் போற அம்மிணி? மேல படிக்கோணும்னு சொன்னயே, என்னாச்சு?”

அதற்கு முன் யாரும் அதைக் கேட்டதில்லை. காண்கலையில் இரண்டு வருட முதுநிலைப் படிப்புக்கு அந்த வருடமே விண்ணப்பித்தேன். நேர்காணலுக்குப் பெங்களூருக்கு நீங்களே கூட வந்தீர்கள். உள்ளே இருந்த பேராசிரியை என் படங்களைப் புரட்டிவிட்டு, “கை நல்லா இருக்கு. ஆனா இதுல கம்பெனிதான் தெரியுது, நீங்க எங்கே?” என்றார். படங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தேன். இடம் கிடைக்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வெளியே டீக்கடையில் நான் அழுதேன். நீங்கள் சமாதானம் சொல்வீர்கள் என்று நினைத்தேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, “அவீங்க கேட்டது நாயமான கேள்வி. அழுதுக்கோ. ஆனா ஊட்டுக்குப் போயி அதுக்குப் பதிலை வரை” என்றீர்கள். அப்போது உங்கள் மேல் கோபம் வந்தது.

அட்டைப்பெட்டி அடுக்கும் மாடி அறையைக் காலி செய்து கொடுத்தீர்கள். அங்கே கட்டிங் கழிவுத் துணியின் மேல் நான் கண்ணில் பட்டதை எல்லாம் வரைந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் துணி மூட்டையில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள். கோபமாகப் போன் பேசும் நீங்கள். அதைப் பார்த்துவிட்டு, “என்ற மூக்கு இத்தனை பெரிசா?” என்று ஒரு வாரம் என்னோடு சண்டை போட்டீர்கள்.

பிறகு அந்த நோய் வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். உங்கள் முடி மொத்தமும் கொட்டியபோது, நீங்கள் மனசு உடைந்துவிடுவீர்கள் என்று பயந்து, அம்மா, வீட்டிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் துணி போட்டு மூடினார்கள். ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டீர்கள்.

“அம்மிணி, இப்ப என்னை வரை.”

“எதுக்குங்க நங்கையா? நல்லான பொறவு வரையறேன்.”

“எல்லாரும் என்னையப் பார்த்துட்டுத் தலையத் திருப்பிக்கறாங்க. அப்படி என்னதான் இருக்குதுன்னு எனக்குப் பார்க்கோணும். அழகு பண்ணாத. இருக்கறபடி வரை.”

மாடியிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்து வரைந்தேன். நீங்கள் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முடிந்ததும் துணியை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தீர்கள். “மூக்கு இப்பத்தான் சரியா வந்திருக்குது” என்று சிரித்தீர்கள். பிறகு, “அடுத்த தடவை பெங்களூருக்கு இதையும் அனுப்பு” என்றீர்கள்.

அடுத்த தடவைக்கு நீங்கள் இல்லை.

காரியம் முடிந்து சில மாதங்களில் பெங்களூரில் மறுபடி விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தார்கள். அதற்குள் வீடு தானாகவே என் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது. உங்கள் சாவிக்கொத்து, உங்கள் போன், உங்கள் மகளின் பள்ளிக்கூட மீட்டிங். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. நான் மறுபடி விண்ணப்பிக்கிறேன் என்றதும் அண்ணன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

“நீயும் போயிட்டா இந்த ஊட்டுல யாரு இருக்கறா? ஊட்டுல இருந்தே கரஸ்ல படிக்கலாமல்ல?”

“இல்லீங்ணா. இது போயி இருந்து படிக்கறது.”

தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அம்மாதான், “பாப்பாவை நான் பார்த்துக்கறேன். அவ போகட்டும்” என்றார்கள். அண்ணன் கை கழுவிக்கொண்டு வந்து, “அவளை வரைஞ்சயாமே, காட்டு” என்றார்.

மாடிக்குப் போய்த் துணியை விரித்தேன். இப்படி ஒரு முகத்தை ஊருக்குக் காட்டப் போகிறாயா என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன். நின்றபடியே பார்த்தார். “நான் பொய் சொன்னா இப்படித்தான் பார்ப்பா” என்றார். “குணமாயிரும் குணமாயிரும்னு தெனமும் சொன்னேன். இப்படித்தான் பார்த்தா.” அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உங்கள் காரியத்தில்கூட அழாதவர் அன்று அழுதார். மறுநாள் படங்களைப் போட்டோ எடுக்க வெளிச்சமான இடம் வேண்டுமென்று அவரே தையல் மெஷின்களை நகர்த்திக் கொடுத்தார்.

நேர்காணலில் உங்கள் படத்தை மேசைமேல் விரித்தபோது எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். யார் இது என்று கேட்டார்கள். என் அண்ணன் மனைவி என்றேன். இவ்வளவு நெருக்கமான ஒன்றை வெளியே கொண்டுவரத் தயக்கமாக இல்லையா என்றார் ஒருவர். “கொண்டுபோகச் சொன்னது அவங்கதானுங்க” என்றேன். இடம் கிடைத்தது.

இங்கே எல்லாம் எளிதாக இல்லை. வகுப்பில் பேசுவதில் பாதி எனக்குப் புரிவதில்லை. புரிகிற வரை கேட்கிறேன். உங்கள் மகள் ஞாயிறு தோறும் போனில் அழுகிறாள், பிறகு சண்டை போடுகிறாள், பிறகு கதை சொல்லச் சொல்கிறாள். போன வாரம் அவள் கையிலிருந்து போனை வாங்கிய அண்ணன், லீவுக்கு வரும்போது தன்னையும் ஒரு படம் வரைய முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அழகாக வராது என்றேன். “நெசமா வந்தாப் போதும்” என்றார்.

இப்போது ஒரு வேலையைத் தொடங்கும்போது, எதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறதோ, அதன் எதிரே முதலில் போய் உட்காருகிறேன். அழகு பண்ணாமல், இருக்கிறபடி வரைகிறேன். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது இதைத்தான், நங்கையா.

உங்கள்
அம்மிணி