கொடிமேட்டு வாசல் கடைகள்

ஏப்ரல் 22, 2025

பூங்காவுக்குப் புதுப் பலகை வரப்போகிறதாம். வரலாறும் பார்க்க வேண்டியவையும் ஒரு பக்கத்தில் எழுதித் தா என்று வீரசிங்கம் சேர் என் தலையில் கட்டிவிட்டார். நான் ரி.ஓ., தொழில்நுட்ப உத்தியோகத்தர். பைப், வேலி, கரண்ட் பார்க்கிற ஆள். கட்டுரைக்காரன் இல்லை. "கொம்பியூட்டர் தெரிஞ்ச ஒரே ஆள் நீர்தானே தம்பி" என்கிறார். அவர் பூங்காப் பொறுப்பாளர், ஆனால் ரைப் பண்ணத் தெரியாது. அதைப் பெருமையாக வேறு சொல்கிறார்.

எழுதிக் கொடுத்தது இதுதான்:

கொடிமேட்டுப் பூங்கா. துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களுக்குச் சைகை காட்ட வெள்ளைக்காரன் மேட்டில் கொடிக்கம்பம் நட்டான். அவனுடைய அதிகாரிகள் பின்னேரம் உலாவ மரங்கள் வைத்தான். அழகுக்குப் புள்ளிமான் கொண்டுவந்து விட்டான். அவன் போனான், மான் நின்றது. யுத்தத்தில் முகாம். ஊர்ச்சனம் ஒரு தலைமுறை உள்ளே போகவில்லை. பிறகு முள்ளுக்கம்பியை எடுத்துவிட்டு ரிக்கற் அடித்தார்கள்.

பார்க்க வேண்டியவை: துறைமுகம் முழுக்கத் தெரிகிற மேடை (கைபிடி கறள் பிடித்தது). சிறுவர் ரயில் (ஓடாது). தாமரைக்குளம் (தாமரை இல்லை). பழைய பீரங்கி. மான்கள்.

"அடைப்புக்குள்ள இருக்கிறதை எடுத்துவிடும்" என்றார் சேர். எடுத்தால் பொய்யாகிவிடும் என்றேன். "பலகை எண்டால் அப்படித்தான் தம்பி."

ஏப்ரல் 24

குளத்தடியில் ஒரு பெண்மான் செத்துக் கிடந்தது. வயிறு பானை மாதிரி. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மிருக வைத்தியர் நிஷாந்தினி வந்து அந்த இடத்திலேயே வெட்டினா.

லன்ச் சீற். சோறு சுற்றுகிற அதே மெல்லிய தாள். ஒன்றுக்குள் ஒன்று முறுகி, ஒரு தலையணை அளவுக்கு. அதிலிருந்து கறி மணம் இன்னும் போகவில்லை.

"பசியில செத்தது" என்றா. "வயிறு நிறைஞ்சு, பசியில." உப்புக்கும் எண்ணெய்க்கும் ஆசைப்பட்டு நக்குமாம். நக்கினது உள்ளே போய்விடும். செரிக்காது, வெளியே வரவும் ஏலாது. புல்லுக்கு இடமில்லை.

சேர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "பலகையில எத்தனை மான் எண்டு போட்டனீர்?"

எண்ணிக்கை போடவில்லை என்றேன்.

"நல்லது."

ஏப்ரல் 30

இன்னொன்று. இது கலைமான், நல்ல கொம்பு. உள்ளே அதே சாமான்.

மே 3

நகரசபைச் செயலாளர் அறிக்கை கேட்டார். எங்கிருந்து வருகிறது, என்ன செய்யலாம். பின்னேரங்களில் பூங்கா முழுக்க நடந்து லன்ச் சீற் பொறுக்கினேன். எடுத்த இடத்தையெல்லாம் வரைபடத்தில் புள்ளி வைத்தேன். முக்கால்வாசிப் புள்ளி முன்வாசலில், தட்டுக்கடைகளைச் சுற்றி. வேறென்ன வேணும்? படம் தெளிவு.

அந்தக் கடைகளில் ஒன்று ராத்தாவுடையது. ஹுஸ்னியா ராத்தா என் கூடப்பிறந்தவள். மச்சான் விட்டிட்டுப் போன நாளிலிருந்து கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இஞ்சிப் பிளேன்ரீயும் கடலை வடையும் விற்கிறாள். மகள் இன்ஷிராவும் உம்மாவும் அந்தக் கடை வருமானத்தில்தான் சாப்பிடுகிறார்கள். நான் கொடுப்பது என்ன, நான் இன்னும் நிரந்தரமில்லாத ஆள்.

எழுதும்போது இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். சொந்தக்காரி நிற்கிறாள் என்று புள்ளியை அழிக்க ஏலாது.

முதல் வரி: "வாசல் கடைகளை அகற்றாமல் மான்களைக் காப்பாற்ற முடியாது." இரண்டாம் பக்கத்தில் வழியும் சொல்லியிருக்கிறேன். உள்ளே கட்டி முடித்த கடை அறைகள் பூட்டிக் கிடக்கின்றன, அவற்றை இவர்களுக்கே கொடுக்கலாம். மூடி போட்ட குப்பைத்தொட்டி வைக்கலாம்.

நல்ல அறிக்கை. வளவளா இல்லை.

ராத்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழத் தொடங்குவாள். அறை கிடைக்கட்டும், சாவியோடு போய்ச் சொல்லலாம்.

மே 9

மத்தியானம் ராத்தாவின் கடைக்குப் போனேன். பக்கத்தில் மாங்காய் கீறித் தூள் போட்டு விற்கிற இலட்சுமி அக்கா, சல்லி ஊர்க்காரி, தூரத்திலேயே தொடங்கிவிட்டா. "ஹுஸ்னியா, எஞ்சினியர் வாறார், கதிரையைத் துடை!"

"அவன் எஞ்சினியர் இல்ல அக்கா" என்றாள் ராத்தா. "பைப் பூட்டுறவன்."

"அதுதான் முகத்தில ஒரு சொட்டுச் சிரிப்பும் ஒழுகுதில்ல."

பின்னால் ஒரு தகர பீப்பாவில் என்னவோ எரித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் லன்ச் சீற். பிளாஸ்ரிக் எரிக்கக் கூடாது, நச்சுப் புகை, சட்டப்படி குற்றம் என்று ஏசினேன்.

"எரிக்காட்டி மான் திண்டுடும் தம்பி" என்றா இலட்சுமி அக்கா. "நீங்க சட்டத்தைச் சொல்லுங்க. மான் கேக்குதா பாப்பம்."

அவவோடு கதைக்க எனக்கு நேரமில்லை. ராத்தா இரண்டு வடையைப் பேப்பரில் வைத்துத் தந்தாள். தின்றேன்.

மே 20

கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் கூட்டம். செயலாளர் எழும்பி நின்று வாசித்தார். முதல் வரி மட்டும். "இது நாங்கள் சொல்வதில்லை. எங்களுடைய தொழில்நுட்ப உத்தியோகத்தர் பஹ்மி விஞ்ஞான ரீதியாகக் காட்டியிருக்கிறார்" என்று என் பக்கம் கையைக் காட்டினார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டவே இல்லை. ஜூன் ஐந்துக்குள் எல்லாரும் எழும்ப வேண்டுமாம்.

ராத்தா பின்வரிசையில் இருந்தாள். முக்காட்டை இழுத்து விட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

இலட்சுமி அக்காதான் எழும்பினா. "எங்களில ஆர் ஐயா சோறு விக்கிறது? நான் மாங்காயை லன்ச் சீற்றில சுத்துறனானோ? இந்தத் தம்பி எங்களிட்டத் தேத்தண்ணி குடிக்கிறவர். கேளுங்கோ அவரை, லன்ச் சீற்றிலயோ ஊத்திக் குடுத்தனாங்கள்?"

எல்லாரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திகதியை இன்னொருதரம் சொன்னார்.

நான் எழும்பி, "இரண்டாம் பக்கத்தில..." என்று தொடங்கினேன். "அது நிருவாக விசயம். நீர் தொழில்நுட்பத்தை மட்டும் கதையும்" என்றார். இருந்துவிட்டேன்.

ஏன் இருந்தனான்? வாய் இல்லாதவனா நான்?

பஸ் தரிப்பில் ராத்தா.

"எப்ப எழுதின?"

"மூண்டாம் திகதி."

"ஒம்பதாம் திகதி எண்ட கடையில வடை திண்டியே."

"ஓம்."

"வடை நல்லா இருந்ததா?"

கிண்ணியா பஸ் வந்தது. ஏறிவிட்டாள். நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

ஜூன் 5

கடைகளை உடைக்கப் பெக்கோ மெசின் கொண்டுவந்தார்கள். வேலிக்கம்பியைத் தொடாமல் எடுக்க வேண்டும் என்பதால் நான் பக்கத்தில் நின்று வழி காட்ட வேண்டியிருந்தது. ராத்தா அடுப்பையும் கேத்தலையும் ஓட்டோவில் ஏற்றினாள். கடைத் தட்டை எடுக்கவில்லை. பெக்கோ அதை ஒரே அமுக்கில் முறித்தது.

ஜூன் 7

ஹஜ்ஜுப் பெருநாள். தொழுதுவிட்டு வந்து படுத்துவிட்டேன். உம்மா சோறு வைத்தா. ராத்தா குசினியை விட்டு வெளியே வரவில்லை.

ஜூன் 26

உள்ளே இருக்கிற அறைகளை ஏலக் கேள்விக்கு விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே ஆள் எடுத்தானாம். வெளியூர்க்காரன், ஐஸ்கிரீம் போடப் போகிறானாம். இரண்டாம் பக்கம், இரண்டாம் பக்கம் என்று சேரிடம் கத்தினேன். "தம்பி, வழியை முதல் பக்கத்திலயும் வம்பை இரண்டாம் பக்கத்திலயும் எழுதியிருக்க வேணும்" என்றார். மனுசன் பகிடியாகச் சொல்லவில்லை.

ஜூலை 10

போயா. பௌர்ணமி விடுமுறை, காலையிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாக்காரர்கள். எங்கெங்கோ இருந்து விடிய முன்னம் வெளிக்கிட்டு, வீட்டில் சமைத்துக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பஸ் நிறுத்துகிற இடம் முன்வாசல். நிழல் இருக்கிற இடமும் முன்வாசல். கடைகள் இருந்த இடம் இப்போது வெறும் வெட்டை, வசதியாகப் பாய் விரித்து இருந்து பார்சலை அவிழ்த்தார்கள். தின்றார்கள். எழும்பினார்கள். தாள் கிடந்த இடத்தில் கிடந்தது. காற்று அதை மேட்டில் ஏற்றியது.

மான்கள் இறங்கி வந்தன. பிள்ளைகள் தாளை நீட்டிப் படம் எடுத்தார்கள். துரத்த ஆளில்லை. பொறுக்க ஆளில்லை. பீப்பா இல்லை.

அப்போதுதான் விளங்கியது. கடைக்காரர் போட்ட தாள் இல்லை அது. அவர்கள் பொறுக்குகிற தாள். நான் பின்னேரத்தில், அவர்கள் கூட்டி அள்ளுவதற்கு முன்னம் போய் எண்ணியிருக்கிறேன். எண்ணிவிட்டு, பக்கத்தில் நிற்கிற ஆளைக் கள்ளன் என்றிருக்கிறேன். பஸ்ஸைப் பார்க்கவில்லை. ஒரு போயா நாள் பொறுத்திருந்தால் போதும். எனக்கு அவசரம்.

ராத்தா சோறு விற்கிறதில்லை எண்டு எனக்குத் தெரியாதா? எண்ட ராத்தா. தெரியாதா எனக்கு?

ஜூலை 17

ஒரே கிழமையில் மூன்று. நிஷாந்தினி கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டா: "கடையெல்லாம் எடுத்தா சரியாகும் எண்டு எழுதினது நீங்கதானே?"

ஓம் என்றேன்.

"அந்த ஆக்கள் எனக்குப் போன் எடுப்பினம். ஒரு மான் நடக்கிற விதம் சரியில்லை எண்டால் அண்டைக்கே சொல்லுவினம். இப்ப செத்தாப் பிறகுதான் எனக்குத் தெரியுது."

ஜூலை 21

புது அறிக்கை கொண்டுபோனேன். முதலாவது அறிக்கை பிழை, பிழை என்னுடையது, கடைகளைத் திருப்பி வையுங்கள் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். செயலாளர் வாசித்தார். முழுக்க வாசித்தார், அதைச் சொல்ல வேணும்.

"உம்முடைய கையெழுத்தில் இரண்டு அறிக்கை. எதை நம்ப?"

"இதை."

"அடுத்த மாதம் உம்முடைய நிரந்தர நியமனம் வருகிறது. இதை நான் காணவில்லை, நீர் தரவில்லை."

மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பதில் வராது. வருமென்று நான் நினைத்திருந்தால் நான் மடையன்.

ஆகஸ்ட் 3

ராத்தா சவூதிக்குப் போகப் போகிறாள். வீட்டு வேலைக்கு. ஏஜென்சிக்காரன் பாஸ்போட் வாங்கிக்கொண்டு போய்விட்டான். எல்லாம் முடித்த பிறகுதான் எனக்குச் சொல்கிறாள்.

நான் தடுத்தேன். இலட்சுமி அக்கா நிலாவெளிப் பக்கம் மாங்காய் விற்கப் போய்விட்டா, நீயும் அங்கே போகலாமே என்றேன்.

"அங்க அவவுக்கே இடம் தாறாங்க இல்ல. ரெண்டு தரம் துரத்திட்டாங்க."

"நான் பாக்கிறன் ராத்தா. எனக்கு நிரந்தரமாகுது."

"நீ பாத்தது காணும்டா தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. இன்ஷிராவின் தலையைப் பின்னிக்கொண்டு, சீப்பை வாயில் கவ்வி வைத்துக்கொண்டு சொன்னாள். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 25

நிரந்தர நியமனம் கையில். உம்மா அழுதா. ராத்தா வடை சுட்டாள். என்னால் தின்ன ஏலவில்லை.

செப்டம்பர் 18

விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். இன்ஷிராவைக் கூட்டிப்போகவில்லை, பிள்ளை கத்தும் என்று. வழியெல்லாம் ராத்தா வீட்டுக் கதைதான். உம்மாவின் பிரசர் குளிசை எந்த மேசை லாச்சியில். இன்ஷிராவுக்கு மீன் முள்ளு எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். கேற்றடியில் தலையில் கை வைத்துத் துஆ ஓதினாள். என் தலையில்தான்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்த வாயால கேக்கிற?

அக்டோபர் 2

பலகை நட்டாயிற்று. மூன்று மொழி, நல்ல பளபளப்பு. அடைப்புக்குறி ஒன்றும் இல்லை. கொங்கிறீற் நான்தான் போட்டேன்.

அக்டோபர் 19

காலையில் ஒரு குட்டி. இந்த வருசம் பிறந்ததில் மிஞ்சியிருந்த கடைசி என்று நினைக்கிறேன். நிஷாந்தினியைக் கூப்பிடவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். குளத்துக்குப் பின்னால் குழி வெட்டினேன். சேர் சிற்றூழியரை விடும் என்றார், நானே வெட்டினேன்.

பின்னேரம் ராத்தாவின் வொய்ஸ் வந்தது. வீட்டுக்காரர் போனைக் கையில் கொடுக்கிற நாளில்தான் அவளால் கதைக்க முடியும். நாலு தரம் கேட்டுவிட்டேன்.

"வீட்டுக்கு முன்னுக்குப் பெரிய பூங்கா ஒண்டு இருக்கு தம்பி. மாடி ஜன்னலால தெரியும். வெள்ளிக்கிழமைல சனம் வந்து பாய் விரிச்சுத் திண்டுட்டு, எல்லாத்தையும் போட்டுட்டு எழும்பிப் போகும். எனக்கெண்டா கை துடிக்கிது, இறங்கிப் பொறுக்கோணும் போல. வெளிய விடமாட்டாங்க. இன்ஷிரா சாப்பிடுறாளா? நம்மட மான்களெல்லாம் எப்பிடி?"

இன்ஷிரா சாப்பிடுகிறாள் என்று எழுதினேன். அது உண்மை.

மற்றதுக்கு, நல்லா இருக்கு ராத்தா, இந்த முறை குட்டியும் கூடுதல் என்று எழுதி அனுப்பினேன்.