மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு

பிப். 3, திங்கள்

காலையில் குளிர். பம்பாய்க்கு இதுவே அதிகம். செம்பூர் ஆபீசில் டாக்டர் (எங்கள் மேலதிகாரி, வைத்தியர் இல்லை, கணக்கு) புதுப் பட்டியல் கொடுத்தார். இரண்டு ஆட்டக்காரர்கள், ஆளுக்கு ஐந்து வழி. எங்கே நின்றால் இருவருக்குமே வழி மாற்ற ஆசை வராதோ, அந்தச் சமநிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு மிஷின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றது. நாலு மணிக்கு ஒரு கழித்தல் குறி விட்டுப்போனது தெரிந்தது. எல்லாம் வீண். மிஷினை ஓங்கி அறைந்தேன். கை வீங்கியதுதான் மிச்சம்.

மதராஸிகளை ஊரைவிட்டு விரட்டுகிற கும்பல் மாட்டுங்காவில் ஓர் ஓட்டலை நொறுக்கியதாம். கல், சோடா பாட்டில். கல்லாவில் இருந்தவருக்குக் காது கிழிந்தது.

வாங்க: மண்ணெண்ணெய், பிளேடு, அண்ணனுக்குப் பனியன்.

பிப். 4, செவ்வாய்

அண்ணன் மாட்டுங்கா மெஸ்ஸில் சமையல். சாயங்காலம் தாராவிக்கு நடந்தே வருவான். இரண்டு வழி: பஸ் ரோடு, தண்டவாளப் பாதை. ஏதோ ஒன்றில் அந்தக் கும்பல் நிற்கிறது. வேட்டியைக் கண்டால் அடி. பேண்ட் போடச் சொன்னேன். மாட்டானாம். லீவும் போட மாட்டானாம். பிடிவாதத்தில் எங்கள் அப்பா.

டாக்டர் கணக்குத்தானே இது. பஸ் ரோட்டில் மாட்டினால் நஷ்டம் நாலு (ஆள் நடமாட்டம் உண்டு, யாராவது விலக்குவார்கள்). தண்டவாளத்தில் ஆறு. தப்பினால் சைபர். விடை: ஐந்தில் மூன்று பங்கு பஸ் ரோடு, இரண்டு பங்கு தண்டவாளம். என்றைக்கு எது என்று அவனுக்கே முன்கூட்டித் தெரியக் கூடாது. அப்போதுதான் காத்திருக்கிறவனுக்கும் தெரியாது.

டப்பாவில் ஐந்து புளியங்கொட்டை. மூன்றைத் தரையில் உரசி வெள்ளையாக்கினேன். கிளம்பும்போது பார்க்காமல் ஒன்று எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் பஸ் ரோடு. அண்ணன் சிரித்தான். ஆனால் வாங்கிக்கொண்டான்.

பிப். 6, வியாழன்

பட்டியலுக்கு விடை வந்தது. ஒன்றல்ல, இரண்டு. முதல் வழியிலிருந்து தொடங்கினால் சமாதானமான ஒன்று. மூன்றாவதிலிருந்து தொடங்கினால் இருவரும் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். இருவருக்கும் நஷ்டம், ஆனால் முதலில் நிறுத்துகிறவனுக்கு இன்னும் நஷ்டம். இது எப்படி சார் விடையாகும் என்றேன். இதுவும் சமநிலைதான் என்றார், வெற்றிலையை மென்றபடி.

அண்ணனுக்கு இரண்டு நாளும் வெள்ளையாம். வரக்கூடியதுதான்.

பிப். 8, சனி

நேற்று. பஸ் ரோட்டில். நாலு பேர், சைக்கிள் செயின். பல் இரண்டு போச்சு. வலது கை மூன்று இடத்தில் முறிவு. கரண்டி பிடிக்கிற கை. ரோடு நிறைய ஜனம், ஒருத்தரும் விலக்கவில்லை. நான் நாலு என்று போட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நேற்றும் வெள்ளையா என்று கேட்டேன். வாய் வீங்கிக் கிடந்தவன் மெதுவாகச் சொன்னான்:

"மொதல்ல கறுப்புதாம்ல வந்துச்சு. உள்ள போட்டுட்டுத் திரும்ப எடுத்தேன். மூணு நாளும் அப்படித்தாம்ல. அந்த ரோட்டுலதான சாயா நல்லாருக்கும்."

கட்டுப் போட்டுக் கிடக்கிறவனை அறையக் கை ஓங்கினேன். நர்ஸ் வெளியே தள்ளினாள். தினம் ஒரே ரோடு, ஒரே நேரம். இதற்கு எதற்குக் கணக்கு, எதற்குக் கொட்டை?

சாயாக்கடைக்குப் பக்கத்துப் பான்கடைக்காரன்தான் அவர்களுக்கு அண்ணனைக் கை காட்டினானாம். எனக்கு அவன் ரத்தம் வேண்டும். எழுதிவிட்டேன்.

பிப். 9, ஞாயிறு

வெயில். சாப்பிடவில்லை. மெஸ்ஸிலிருந்து அண்ணன் சட்டை, கொட்டை டப்பா, தேங்காய் உடைக்கிற அரிவாள் எல்லாம் கொண்டுவந்தேன்.

ஆத்திரத்தில் போகக் கூடாது. கணக்குப் போட்டேன். போனால், போகாவிட்டால், அவன் ஆட்களோடு இருந்தால், தனியாக இருந்தால். மூன்று தடவை சரிபார்த்தேன். ஐந்தில் ஒரு பங்குதான் போகலாம். இரண்டு வெள்ளையை வீசிவிட்டு உரசாத கொட்டை இரண்டு போட்டேன்; டப்பாவில் இப்போது நாலு கறுப்பு, ஒரு வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.

கறுப்பு. உள்ளே போட்டேன்.

கறுப்பு. உள்ளே போட்டேன்.

கறுப்பு.

வெள்ளை வந்துவிட்டது. செருப்பு எங்கே?