அரிஷ்டப் புட்டியின் பின்பக்கம்

3.2.2003, திங்கள்

நான் குடிப்பதில்லை. அறுபத்தெட்டு வயதில் இதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. நாத்தனார் அலர்மேல்மங்கை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்: "அண்ணிக்கு ஈரல் வீங்கியிருக்காம். குடிப்பீங்களான்னு டாக்டரே கேட்டாரு, நான் பக்கத்துலதான இருந்தேன்!" கேட்டார். 'இல்லை' என்று நான் சொன்னதை மட்டும் ஏன் விழுங்கினாள்? என் தம்பி ஜனகராஜ் குடித்துச் செத்தானாம். அதனால் அக்காவும் குடிகாரி!

10.2.2003

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்து ஈரலில் தங்கிவிட்டது. பரம்பரை நோய். இனி வாராவாரம் ரத்தம் எடுத்துவிட வேண்டும், மருந்தே அதுதானாம்.

வீட்டு வேலைக்கு வரும் சின்னத்தாய் வாயைப் பொத்திச் சிரித்தாள். "எனக்கு ரத்தமே இல்ல, ஏத்தணும்ங்கிறாக. உங்களுக்கு எறக்குறாக. அம்புட்டையும் கீழயா ஊத்துவாக?"

17.2.2003

முதல் முறை எடுத்தார்கள். தலை சுற்றியது. ஜனகராஜைப் பற்றி டாக்டர் கேட்டார். மேலெல்லாம் கறுத்து, சர்க்கரை வந்து, வயிறு ஊதி, நாற்பத்தேழு வயதில் போனான் என்றேன்.

"அவருக்கும் இதே நோய் இருந்திருக்கும்மா. இதோட குடியும் சேர்ந்தா ஈரல் சீக்கிரமே கெட்டுப்போயிரும்."

குடியை விட்டுவிட்டு வா என்று அவனை வாசற்படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவள் நான். நோய் என்று ஒருத்தராவது சொன்னார்களா? எல்லோரும் குடி, குடி என்றே— நானும்தான்.

18.2.2003

கோயம்புத்தூரில் இருக்கும் மகன் வெங்கடேஷ்பாபுவிடம் போனில் பேசினேன். இந்த நோய் உனக்கும் இருக்கலாம், சோதித்துப் பார், அதுவரை குடியைத் தொடாதே என்றேன்.

"சனிக்கிழமை ரெண்டு பெக், அம்புட்டுத்தாம்மா. நீங்களே குடிக்கிறதா அத்தை—"

வைத்துவிட்டேன். பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது? என்ன திமிர்!

24.2.2003

சாப்பிடும் மருந்தெல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். கணவர் இறந்ததிலிருந்து பதினோரு வருடமாக, களைப்புக்கு இருவேளையும் வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கும் அரிஷ்டத்தையும் கொண்டுபோனேன். புட்டியைத் திருப்பி என்னிடமே நீட்டினார். "நீங்களே வாசிங்கம்மா."

இரும்பு பஸ்பம். அதற்குக் கீழே, பொடி எழுத்து இங்கிலீஷில்: ஆல்கஹால், நூற்றுக்கு எட்டுப் பங்கு.

கான்வென்டில் படித்தவள். ஊரார் கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் பிழை கண்டுபிடிப்பவள். இதை வாசிக்கவில்லை.

25.2.2003

மிச்சத்தைச் சின்னத்தாய் சாக்கடையில் ஊற்றினாள். "வாடை கும்முனு தூக்குதே!" என்றாள். எனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?

2.3.2003

அலர்மேல்மங்கை வந்தாள். காப்பி கொடுத்தேன், புட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவனுக்கு எழுதிவிட்டேன். கடிதத்தின் நகல்:

"பாபு, அத்தை சொன்னது பொய். ஆனால் பதினோரு வருடமாக நான் தினமும் ஆல்கஹால் குடித்திருக்கிறேன், அரிஷ்டம் என்ற பெயரில், தெரியாமல். நிறுத்திவிட்டேன். உன் மாமா வாசற்படியில் நின்றபோது எங்கள் இருவருக்குமே இந்த நோய் தெரியாது. உனக்குத் தெரியும். காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடு. முடிவு வரும்வரை ஒரு சொட்டுக்கூட வேண்டாம். நோய் இருந்தால் எப்போதுமே வேண்டாம். போனில் 'சரிம்மா' என்பாய். அது எனக்குப் போதாது. ரத்தம் கொடுத்தாயா, முடிவு என்ன என்பதை உன் கையால் எழுதி அனுப்பு."